வயோலாவையும் கொஞ்சம் கவனியுங்கள்

மொசார்ட்டின் 40-ஆம் சிம்ஃபொனி பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதன் சோகம் முழுக்க தொடக்கத்தில் வரும் வயலின் மெட்டில்தான் இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டு வருவதற்கு முன்பே, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வயோலாக்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து அடியில் படபடக்கத் தொடங்கிவிடுகின்றன. தவிப்பு அங்கேதான்.

ட்ரம்பெட்டும், டிம்பனி என்ற பெரிய முரசும் இதில் கிடையாது. கோபம்கூட உள்ளுக்குள்ளேயே புகைகிறது. ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியின் விஷயம் இன்னும் சுவாரசியம். அன்றைய ஹார்னில் ஸ்வரம் மாற்ற உதவும் வால்வு இல்லை, எல்லா ஸ்வரமும் வராது. அதனால் முதல் பகுதியில் மொசார்ட் ஒரு ஹார்னை ஜி சுருதியிலும் மற்றொன்றை பி ஃபிளாட் சுருதியிலும் வைத்தார். ஒன்றில் இல்லாத ஸ்வரம் மற்றதில் கிடைக்கும். என்ன மூளை!

1788-இல் எழுதிவிட்டு, பிறகு கிளாரினெட் சேர்த்து இன்னொரு வடிவமும் செய்தார். எனக்கு முதல் வடிவம்தான். கிளாரினெட் வந்தால் ஓபோ என்ற குழல் கருவியின் காரம் குறைந்துவிடுகிறது.