வெம்ப்ளியில் வென்றதையும் கணக்கில் சேருங்கள்

அந்தப் பட்டியலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாட்களாக என் பக்கத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆண்கள் டென்னிஸில் யாருக்கு எத்தனை கிராண்ட் ஸ்லாம் (விம்பிள்டன் போன்ற நான்கு பெரிய போட்டிகளின் பட்டம்) என்று வரிசைப்படுத்தி, கீழே "எண்கள் பொய் சொல்லாது" என்று எழுதியிருந்ததே, அதேதான். ராய் எமர்சனுக்கு 12. பாஞ்சோ கோன்சாலஸுக்கு 2. லண்டன் வெம்ப்ளியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்காக நடந்த போட்டியை விட்டுவிட்டீர்களே என்று நான் ஒரே ஒரு வரி எழுதினேன். "அது காசுக்கு ஆடிய காட்சிப் போட்டி சார்" என்று பதில் வந்தது. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எண்கள் பொய் சொல்லாது, சரி. எந்த எண்ணை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்கிறவர் மனிதர்தானே?

அந்தக் காலத்தில் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் ஆட்டத்துக்குக் காசு வாங்காத அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. 1934-ல் லண்டன் வெம்ப்ளியில் எம்பயர் பூல் அரங்கம் கட்டப்பட்டது. நீச்சலுக்காகக் கட்டிய இடம். அந்த ஆண்டே அங்கே கூரைக்குக் கீழே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான டென்னிஸ் போட்டி தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளும் எல்ஸ்வொர்த் வைன்ஸ் வென்றார். 1937, 1938 இரண்டும் ஜெர்மனியின் ஹான்ஸ் நுஸ்லைனுக்கு. இளம் வயதிலேயே டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கினார் என்பதற்காக அமெச்சூர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் அவர். விம்பிள்டனில் கால் வைக்கவே முடியவில்லை. 1939-ல் டான் பட்ஜ். பிறகு போர். 1949-ல் மீண்டும் தொடங்கியபோது ஜாக் கிராமர் வென்றார்.

அதற்குப் பிறகுதான் கோன்சாலஸ். லாஸ் ஏஞ்சலஸில் மெக்சிகோ வழிக் குடும்பத்துப் பையன். அம்மா வாங்கிக்கொடுத்த 51 சென்ட் மட்டையோடு பொது மைதானத்தில் தானாகவே ஆடக் கற்றுக்கொண்டவர். 1948, 1949 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்கப் பட்டத்தை வென்றார். உங்கள் பட்டியலில் இருக்கும் அந்த 2 இதுதான். 21 வயதில் தொழில்முறைக்குப் போனார். அன்றோடு விம்பிள்டன், பாரிஸ், நியூயார்க், ஆஸ்திரேலியா நான்கு கதவுகளும் சாத்தப்பட்டன. அவை திறக்கத் தொடங்கியது 1968-ல். அப்போது அவருக்கு நாற்பது வயது. நடுவில் இருந்த பதினெட்டு ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

அந்த ஆண்டுகளில் அவர் வெம்ப்ளியை நான்கு முறை வென்றார். 1952 இறுதியாட்டத்தில் கிராமருக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் இழந்தார். மீண்டு வந்து ஐந்தாவது செட்டை 7-5 என்று முடித்தார். 1956-ல் பிராங்க் செட்ஜ்மேனுடன் 4-6, 11-9, 11-9, 9-7. அறுபத்தாறு கேம்கள். இதற்குப் பெயர் காட்சிப் போட்டியா? காட்சிக்காக ஆடுகிறவன் 11-9 வரை போராடுவானா?

இப்போது எமர்சனின் 12. அவரைக் குறைத்துப் பேச மாட்டேன். பெரிய ஆட்டக்காரர், கடும் உழைப்பாளி. ஆனால் அந்தப் பன்னிரண்டில் பத்து, 1963 முதல் 1967 வரை கிடைத்தவை. அந்த ஐந்து ஆண்டுகளும் ராட் லேவர் எங்கே இருந்தார்? கென் ரோஸ்வால் எங்கே இருந்தார்? வெம்ப்ளியில் இருந்தார்கள். 1963-ல் ரோஸ்வால், 1964 முதல் 1967 வரை லேவர். உலகின் மிகச் சிறந்த இருவரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்த போட்டிக்கு முழு மதிப்பெண், அந்த இருவரும் மோதிக்கொண்ட போட்டிக்குப் பூஜ்யம். இதைத்தான் மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஆட்டக்காரர்கள் குறைவு, மூன்று நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிலர் யார் என்று பாருங்கள். லூ ஹோட் 1956, 1957 இரண்டு ஆண்டும் விம்பிள்டனை வென்றவர். வெம்ப்ளியில் 1961, 1962, 1963 என்று தொடர்ந்து மூன்று இறுதியாட்டங்களில் ரோஸ்வாலிடம் தோற்றார். லேவர் 1962-ல் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டுத் தொழில்முறைக்கு வந்தார். வந்ததும் ஹோடுடன் ஆடிய முதல் எட்டு ஆட்டங்களிலும் தோற்றார். எது கடினமான இடம் என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா? ஈக்வடாரின் பாஞ்சோ செகுரா நான்கு முறை வெம்ப்ளி இறுதிக்கு வந்தார், நான்கு முறையும் தோற்றார். சிறுவயதில் எலும்பு நோயால் கால்கள் வளைந்துபோன மனிதர் அவர். காட்சிப் போட்டி என்றால் ஒருமுறையாவது விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்களா?

"நம் ராமநாதன் கிருஷ்ணன், தொழில்முறை ஆட்டங்களை நடத்திய கிராமர் நீட்டிய பணத்தை வேண்டாம் என்றாரே, அதுதானே பெருமை?" என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்கிறேன். அவர் மறுத்ததால்தான் நாடுகளின் அணிகள் மோதும், அன்று அமெச்சூர்களுக்கு மட்டுமேயான டேவிஸ் கோப்பையில் தொடர்ந்து ஆட முடிந்தது, 1966-ல் நாம் இறுதி வரை போனோம். அந்த முடிவை நான் வணங்குகிறேன். ஆனால் நாடா, பிழைப்பா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன விதியை எதற்காக வணங்க வேண்டும்? அமெச்சூர்கள் மட்டும் காசே வாங்கவில்லையா? செலவுக்கணக்கு என்ற பெயரில் மேசைக்கு அடியில் கொடுத்தார்கள், வாங்கினார்கள். டென்னிஸ் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது. வெளிப்படையாக வாங்கியவன் மட்டும் தீட்டாகிப்போனான். 1960-ல் இரு தரப்பும் சேர்ந்து ஆடலாம் என்ற தீர்மானம் வந்தபோது ஐந்து ஓட்டில் தோற்றது. அந்த ஐந்து ஓட்டுக்காக இன்னும் எட்டு ஆண்டுகள் போயின.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நண்பர் தனியாகக் கேட்டார். சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா மார்க்கர். இளையவர்களுக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்காது. கிளப்பில் உறுப்பினர்களோடு ஆடி அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் ஆள். விடியும் முன்னே போய்த் தண்ணீர் தெளிப்பார், உருளை இழுப்பார், சுண்ணாம்புக் கோடு போடுவார். மட்டைக்கு நரம்பு கட்டுவார். மாலையில் யார் கூப்பிட்டாலும் ஆடுவார். அந்தக் கிளப்பில் அவரை வெல்ல ஆள் கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் நடக்கும் கிளப் போட்டியில் அவர் ஆட முடியாது. காசு வாங்குகிறவர். போட்டியன்று நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் புள்ளி சொல்வார். ஒரு ஆண்டு கோப்பை வாங்கியவர், அதற்கு முந்தின வாரம் அப்பாவிடம் 6-1 என்று தோற்றதை நான் பக்கத்தில் பந்து பொறுக்கிக்கொண்டு பார்த்தேன்.

வென்றவர்கள் பெயரெல்லாம் கூடத்தில் தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் இருக்கும். எனக்குப் பத்து வயது. "உங்கள் பெயர் எங்கே அப்பா?" என்று கேட்டேன். "நாம் சம்பளக்காரர்கள்டா, அந்தப் பலகை நமக்கு இல்லை" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார்.

மார்க்கரையும் கோன்சாலஸையும் ஒப்பிடுகிறாயா என்று சிலர் கேட்பீர்கள். ஆட்டத்தை ஒப்பிடவில்லை. வாசலைத்தான் ஒப்பிடுகிறேன். பிரெட் பெர்ரி விம்பிள்டனை மூன்று முறை தொடர்ந்து வென்றவர். 1936-ல் தொழில்முறைக்குப் போனதும் விம்பிள்டன் கிளப் அவருடைய உறுப்பினர் உரிமையைப் பறித்துக்கொண்டது. பிறகு 1984-ல் அதே இடத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பெர்ரிக்காவது சிலை கிடைத்தது. அப்பா இறந்தபோது அவர் வேலை செய்த கிளப்பிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை.

இதை இங்கே எழுத வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

வெம்ப்ளிப் போட்டி வேறு வடிவத்தில் 1990 வரை நடந்தது. போர்க், மெக்கன்ரோ, கானர்ஸ் எல்லாம் அங்கே வென்றிருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மேடைகளும் இருந்தன. கோன்சாலஸுக்கு இல்லை. 1957 முதல் 1967 வரை ரோஸ்வாலுக்கும் இல்லை. ஐந்து முறை வெம்ப்ளியை வென்ற அவருக்கு விம்பிள்டன் கடைசி வரை கிடைக்கவில்லை. நான்கு முறை இறுதி வரை போய்த் தோற்றார். அவற்றில் கடைசி 1974-ல், 39 வயதில்.

பட்டியல் போட்ட நண்பரே, அதை நீக்கச் சொல்லவில்லை. எமர்சனின் எண்ணில் ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை. கோன்சாலஸ் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இடம் இருக்கிறது. வெம்ப்ளி 1950, 1951, 1952, 1956 என்று எழுதுங்கள். அது போதும் எனக்கு.