சங்குப்பூ டீ நிறம் மாறுவது கலப்படம் அல்ல

“எலுமிச்சை பிழிந்ததும் நீல டீ ஊதாவாக மாறினால் அதில் சாயம் கலந்திருக்கிறது” என்று சங்குப்பூ டீயைப் பற்றிச் சிலர் சொல்வது தவறு, தயவுசெய்து இதை நம்பி நல்ல பூவைத் தூக்கிப் போடாதீர்கள். சங்குப்பூவின் நீலமே ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமிதான், புளிப்பு சேர்ந்தால் அது ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் இளஞ்சிவப்புப் பக்கம் போகும். நாவல் பழத்திலும் சிவப்பு முட்டைக்கோஸிலும் இருப்பது இதே வகை நிறமி. கடையில் விற்கும் நீல உணவுச் சாயம் எலுமிச்சைக்கு இப்படி மாறாது.

அப்புறம், “சுவையே இல்லை, அதனால் போலி” என்பதும் சரியில்லை. இந்தப் பூவுக்குச் சுவை ரொம்ப மெல்லியது, லேசான பச்சை வாசனை, அவ்வளவுதான். தாய்லாந்தில் எலுமிச்சைப் புல், தேன் சேர்ப்பது அதனால்தான். ஒரு கப் வெந்நீருக்கு ஐந்தாறு காய்ந்த பூ, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள், எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள்.