பனங்கொட்டையில் குஞ்சு பொரிக்கப் போகிறாளாம்

இன்றைக்குக் காலையில் என் வீட்டுச் செவலைக் கோழி எதன் மேல் போய் அடை உட்கார்ந்தது தெரியுமா? பனங்கொட்டை மேல்.

சேவலே இல்லாத வீடு இது. இருந்த ஒன்றையும் பங்குனியிலேயே கீரி கொண்டுபோய்விட்டது. அப்புறம் குஞ்சு எங்கிருந்து வரும்? மகராசிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 21 நாள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். எதன் மேல் என்பது மற்றவர்கள் கவலை. முட்டையை எடுத்தால் வெறும் ஓலைக் கடகத்தில் உட்காருகிறாள். கடகத்தை எடுத்தால் மண்ணில் உட்காருகிறாள். நெஞ்சு முடியைப் பிய்த்துப் போட்டு, கொண்டை வெளுத்து, கை நீட்டினால் கர்ர் என்று உப்பிக்கொண்டு கொத்து. மற்ற கோழிகள் இடமில்லாமல் சீமைக்கருவைப் புதருக்குள் முட்டை போட, அதைக் காக்காய் தின்கிறது. மொத்தத்தில் எனக்கு நொய் வாங்குகிற செலவு மட்டும் மிச்சம்.

ஆளாளுக்கு வைத்தியம். மூக்கில் இறகைக் குத்தச் சொன்னாள் ஒருத்தி. உன் மூக்கில் குத்தினால் சும்மா இருப்பாயா? சென்னையிலிருந்து கொழுந்தனார், “லெகான் ஜாதிக் கோழி வாங்கியிருந்தா அடையே படுக்காது அண்ணி” என்கிறார். அடடா, என்ன கண்டுபிடிப்பு. பக்கத்து வீட்டு மதினி தண்ணீரில் முக்கச் சொன்னாள். குடிக்கிற தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற ஊரில் கோழிக்குக் குளியல்! சரி, கிணற்று உப்புத் தண்ணீரில் முக்கினேன். நனைந்த மேனிக்கே போய் உட்கார்ந்தாள்.

அடிவயிறு குளிர்ந்தால்தான் அடை தெளியும். அதனால் மீன் ஏற்றுகிற பிளாஸ்டிக் பெட்டி, அடியெல்லாம் ஓட்டை உள்ளது, அதற்குள் விட்டுப் பூவரசில் கட்டித் தொங்கவிட்டேன். ஆடி மாதக் கச்சான் காற்று கீழேயிருந்து அடிக்கட்டும் என்று. தண்ணீரும் தீனியும் உள்ளேயே. ஊஞ்சலில் வைத்து ராஜ உபசாரம்.

இன்று காலை திறந்துவிட்டேன். இறங்கினாள். உடம்பைச் சிலுப்பினாள். நொய்யைக் கொத்தினாள். புழுதியில் புரண்டாள். வாசல் கோலத்தின் மேல், அடைக்கோழி மட்டுமே போடத் தெரிந்த அந்த நாற்றமெடுத்த பெரிய எச்சத்தைப் போட்டாள். சரி, தெளிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தேத்தண்ணி போட உள்ளே போனேன்.

வந்து பார்த்தால் ஆளைக் காணோம். கொல்லை மூலையில், பனங்கிழங்குப் பாத்திக்காக அயித்தை பொறுக்கிக் குவித்திருந்த பனங்கொட்டைக் குவியலில் குந்தியிருக்கிறாள். சும்மாவா? அலகால் ஒவ்வொரு கொட்டையாக இழுத்து வயிற்றுக்கு அடியில் தள்ளுகிறாள். தும்பு அலகில் சிக்குகிறது. உதறுகிறாள். மறுபடி தள்ளுகிறாள். ஒரு கொட்டை உருண்டு வெளியே ஓடுகிறது. கழுத்தை நீட்டி, தாடைக்கு அடியில் கொடுத்து, மெல்ல மெல்ல உள்ளே கொண்டுவந்து, றெக்கையை விரித்து மூடி, என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். பிள்ளையைப் பறிக்க வந்த பாவி நான்தானாம்!

அயித்தை எட்டிப் பார்த்து, “விடும்மா, தைக்குக் கிழங்காவது வரும்” என்றார்கள். கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் பொங்கல் வரைக்கும் அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தேத்தண்ணி பாலோடு பொங்கி அடுப்பில்.

அதிருக்கட்டும், தண்ணீரில் முக்கச் சொன்ன மதினி எங்கள் குடத்து வண்டியை இரவல் வாங்கிப்போய் எத்தனை நாளாயிற்று? கேட்டால் சக்கரம் ஆடுகிறதாம். கொண்டுபோகும்போது ஆடவில்லையே! இடுப்பில் குடத்தோடு தெருக்கோடி வரைக்கும் நடக்கிறவள் நான்.