சிரித்தவர்களை யார் கேட்பது?

வழியனுப்பு விழா மேடையில், திக்கிப் பேசும் ஓர் இளைஞரை அதிகாரி ஒருவர் நடித்துக் காட்டிக் கேலி செய்யும் அந்த வீடியோவைப் பற்றி மூன்று நாளாக எல்லாரும் எழுதித் தீர்த்தாயிற்று. நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒரு நண்பர், நான் மதிக்கிற நண்பர், "வழியனுப்பு விழாவுல சும்மா கலாய்ச்சதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே விழுந்திருந்த சிரிப்புக்குறிகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பார்க்காதவர்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டாம். பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

மைக் பிடித்த அந்த அதிகாரியைத் திட்டாத ஆள் இல்லை. திட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் இந்த மூன்று நாளில் ஒருவராவது சிரித்தவர்களைக் கேட்டீர்களா? சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டவர்களுக்குப் புரிந்திருக்கும். அந்த இளைஞர் 'வணக்கம்' சொல்ல வந்து 'வ'வில் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் அதிகாரி அதே 'வ'வை இழுத்துக் காட்டுகிறார். சிரிப்பது இரண்டே இரண்டு பேர். அடுத்து அதிகாரி என்ன செய்கிறார், கவனித்தீர்களா? அந்த இளைஞரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்க்கிறார். மூன்று நான்கு விநாடி. முன்வரிசை சிரிக்கிறது. அதன் பிறகுதான் இரண்டாவது முறை, இன்னும் நீட்டி. மூன்றாவது முறை அரங்கமே சிரிக்கிறது. அந்த இளைஞர் தன் கையிலிருந்த தாளை இரண்டாக மடிக்கிறார், நான்காக மடிக்கிறார், எட்டாக மடிக்கிறார். பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

அந்த மூன்று நான்கு விநாடியில் அதிகாரி கேட்டது அனுமதி. கொடுத்தது முன்வரிசை. அதனால்தான் சொல்கிறேன், சிரித்தவர்களைக் கேளுங்கள்.

இது நான் கோபத்தில் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 1996-இல் பின்லாந்தில் உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவரோடு இருந்தவர்களும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து, ஒரு சீண்டலில் யார் யார் என்ன வேடம் கட்டுகிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். சீண்டுகிறவர், மாட்டிக்கொள்கிறவர் என்று இரண்டோடு அது முடியவில்லை. கூட நின்று கைகொடுக்கும் எடுபிடி, சிரித்தும் கைதட்டியும் தூபம் போடுகிறவர், ஒதுங்கிப் பார்க்கிறவர், குறுக்கே வந்து தடுக்கிறவர் என இன்னும் நான்கு பேர் அந்த இடத்தில் இருக்கிறார்கள். அந்த வீடியோவில் முதல் ஐந்து வேடத்துக்கும் ஆள் இருந்தது. ஆறாவதுக்கு மட்டும் ஆளில்லை.

கனடாவில் பள்ளி மைதானங்களில் பிள்ளைகளை ஒளிப்பதிவு செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. 100 சீண்டல்கள் நடந்தால் 88-இல் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். 19-இல்தான் யாராவது குறுக்கே போனார்கள். ஆனால் அப்படிப் போனபோது, பாதிக்கு மேல், 57 சதவீதம், பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. பத்து விநாடி! பள்ளிப் பிள்ளைகள் செய்ததை அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த வளர்ந்தவர்களால் செய்ய முடியவில்லை.

"என்ன பண்ணச் சொல்ற? மேடையேறிச் சண்டையா போட முடியும்?" என்பீர்கள். வேண்டாம். மேடையேறிச் சண்டை போட்டால்தான் காரியம் கெடும். அதிகாரிக்குத் தன் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும், பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும், நடுவில் இளைஞர் காணாமல் போய்விடுவார்.

முதல் வேலை, சிரிக்காமல் இருப்பது. சுலபமாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் எல்லாரும் சிரிக்கும்போது முகம் தானாகவே இளிக்கும். இறுக்கிப் பிடியுங்கள். அடுத்தது, பேசினால் சீண்டியவரிடம் பேசாதீர்கள், மாட்டிக்கொண்டவரிடம் பேசுங்கள். "நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கோம்." இவ்வளவுதான். இதில் குற்றச்சாட்டு இல்லை, பதிலுக்குக் கிண்டல் இல்லை, அதிகாரியால் பிடித்துத் தொங்க ஒன்றும் கிடையாது. பதிலுக்கு அவருடைய வழுக்கையையோ தொப்பையையோ இழுத்து ஒரு ஜோக் அடித்தீர்கள் என்றால் ஆட்டத்தை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும், அந்த ஆட்டத்தில் அவருக்குத்தான் பழக்கம் அதிகம். வாயே வரவில்லையா, எழுந்துபோய் அந்த இளைஞர் பக்கத்தில் நில்லுங்கள். நிற்பதும் பேச்சுதான்.

(திக்கிப் பேசுகிறவர்கள் விஷயத்தில் மட்டும் ஒன்று கூடுதலாக. "பதற்றப்படாதே, நிதானமாப் பேசு" என்று நல்லெண்ணத்தில் சொல்வோமே, அது உதவாது. அவர் சொல்ல வந்த வார்த்தையை நாம் முந்திக்கொண்டு முடித்துவைப்பதும் உதவாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் உதவி. திக்கிவிடுவோமோ என்ற பயமே திக்கலை இறுக்கும். அப்படியிருக்க, அரங்கம் சிரித்த பிறகு அவர் வாயிலிருந்து வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தவர்களை என்ன சொல்ல.)

அன்றைக்கே, தனியாக, மாட்டிக்கொண்டவரிடம் போய் "நான் பார்த்தேன், அது தப்பு" என்று ஒரு வார்த்தை. இதை யாரும் செய்வதில்லை. மாட்டிக்கொண்டவரை அதிகம் வதைப்பது, தனக்கு மட்டும்தான் இது தப்பாகப் படுகிறதோ என்ற குழப்பம். உங்கள் ஒரு வார்த்தை அதை உடைக்கும்.

மாட்டிக்கொள்கிறவருக்கு: சின்ன வாக்கியம், கேள்வியாக இல்லாமல். "இப்படிப் பேசாதீங்க." "ஏன் சார் இப்படிப் பேசறீங்க?" என்று கேட்டால் பதில் வரும், பதிலோடு இன்னொரு சிரிப்பும் வரும். இது ஜோக்கா இல்லையா என்ற விவாதத்துக்குள் போகவே போகாதீர்கள், அதில் யாரும் ஜெயித்ததில்லை. அதே வாக்கியத்தை இன்னொரு முறை, அதே குரலில் சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகருங்கள். அடிதடிக்கு வாய்ப்பிருந்தால் இதுவும் வேண்டாம், முதலில் நகருங்கள்.

பிறகு எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே (மரியாதைக்காக மாற்றி எழுத வேண்டாம்), நீங்கள் என்ன சொன்னீர்கள். அன்றே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து மொத்தமாக எழுதினால் முதலில் ஆட்டம் காண்பது தேதிகள்தான், அதைப் பிடித்துக்கொண்டு மீதியெல்லாம் பொய் என்பார்கள். குறுஞ்செய்தியாக வந்திருந்தால் பெயரும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், அலுவலகக் கணினியில் வைக்காமல் உங்கள் சொந்த இடத்தில். புகாரில் "என்னை எப்போதும் அவமானப்படுத்துகிறார்" என்று எழுதினால் கடிதம் நகராது. மூன்று தேதி, மூன்று வாக்கியம் எழுதினால் நகரும். வாயால் சொன்னாலும் எழுத்தில் ஒன்று போக வேண்டும்.

அதன் பிறகு என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர் ஒருவர் இரண்டு பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, "இரண்டு பக்கமும் தப்பு இருக்கும், கை குலுக்குங்க" என்பார். இதுதான் நல்லவர்கள் செய்யும் பெரிய தவறு. இரண்டு சமமான ஆட்களின் சண்டைக்குத்தான் பஞ்சாயத்து. 1970-களிலிருந்தே இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயஸ் சீண்டலுக்கு வைத்த இலக்கணத்தில் மூன்று இருக்கின்றன: நோகடிக்கும் செயல், அது திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பேருக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு. மூன்றாவதை விட்டுவிட்டுச் சமரசம் பேசினால், பலமில்லாதவர் மறுபடி ஒரு முறை எதிராளி முன்னால் உட்கார்ந்து சிரித்துக் காட்ட வேண்டியிருக்கும். கதவு திறந்ததும் பழைய கதை, கூடவே "புகார் கொடுத்தவன்" என்ற புதுப் பட்டம்.

இனி என் சுவரில் வந்து விழப்போகும் கேள்விகள். தெரியும், போன பதிவுக்கே வந்தன.

"அப்ப யாரும் யாரையும் கலாய்க்கவே கூடாதா?" கலாயுங்கள் அய்யா. நண்பர்கள் ஒருவரை ஒருவர் ஓட்டாமல் இருந்தால் அது நட்பா? ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். அதே ஜோக்கை அவர் உங்கள் மேல் திருப்ப முடியுமா? திருப்பினால் அவருக்கு ஏதாவது நஷ்டமா? அவர் சிரிப்பை நிறுத்தியதும் நீங்களும் நிறுத்துகிறீர்களா? அந்த இளைஞர் திரும்பி அந்த அதிகாரியின் நடையை மேடையிலேயே நடித்துக் காட்டியிருந்தால் அடுத்த மாதம் அவர் எங்கே இருந்திருப்பார்? பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. பூனையிடம் போய் 'நகைச்சுவை உணர்வு' பற்றிக் கருத்து கேட்டால் நன்றாகத்தான் சொல்லும்.

"நாங்கல்லாம் இதைத் தாண்டித்தான் வந்தோம், உறுதியானோம்." வந்தவர்கள் சொல்கிறீர்கள். வராமல் பாதியில் நின்றவர்கள் இங்கே கமெண்ட் போட வரமாட்டார்கள், அதனால் உங்கள் குரல் மட்டும் கேட்கிறது. உறுதியாகிவிட்டீர்கள் என்றால், அடுத்தவர் மாட்டும்போது ஏன் அந்த உறுதி முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறது?

"வேலை போய்விடும் என்ற பயத்தில் சிரித்திருப்பார்கள்." இதில் நியாயம் இருக்கிறது. சம்பளத்தைக் கையில் வைத்திருப்பவர் ஜோக்கடித்தால் சிரிப்பு வேலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. சரி. ஆனால் கைதட்டினார்களே, அதுவும் சம்பளத்தில் சேர்த்தியா? மூன்றாவது வரிசையில் போனைத் தூக்கிப் படம் பிடித்தாரே, அவரை யார் மிரட்டினார்கள்?

"நாங்க ஒண்ணுமே பண்ணலையே, பேசாம இருந்தோம்." பேசாமல் இருப்பதற்கும் ஆய்வு இருக்கிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் கணினியில் ஒரு பந்து வீசும் விளையாட்டு வைத்தார். முகம் தெரியாத இரண்டு பேர் உங்களுக்கு மட்டும் பந்தைப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான், யாரும் யாரையும் திட்டவில்லை. சில நிமிடத்திலேயே ஆட்களின் மனநிலை சரிகிறது. முகம் தெரியாதவர்கள் விளையாட்டில் ஒதுக்கினாலே அப்படி. தினமும் எதிரில் உட்காருகிறவர்கள் சாப்பிடப் போகும்போது ஒருவரை மட்டும் கூப்பிடாமல் போனால்?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. யாரும் தன்னைச் சீண்டுகிறவன் என்று நினைத்துக்கொண்டு காலையில் எழுந்திருப்பதில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, மனசாட்சியை எப்படித் தற்காலிகமாக அணைத்து வைக்கிறோம் என்று விரிவாக எழுதியிருக்கிறார். அதை நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: "சும்மா விளையாட்டுக்கு." "எல்லாரும்தானே சொன்னாங்க." "அவங்க பண்ணதைவிட இது ஒண்ணுமில்ல." "அவனாத்தான் வாங்கிக் கட்டிக்கிட்டான்." இதில் ஏதாவது ஒன்று போன வாரம் உங்கள் வாயில் வந்ததா என்று பாருங்கள். உங்களோடு பேசும்போது மட்டும் யாராவது வாக்கியத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். நீங்கள் வைத்த பட்டப்பெயரில் அவர் தன்னை எப்போதாவது அறிமுகப்படுத்தியிருக்கிறாரா என்று பாருங்கள்.

தப்பு என்று தெரிந்துவிட்டால் மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: "உங்க பேச்சை நடிச்சுக் காட்டினேன், அது தப்பு." "உங்க மனசு புண்பட்டிருந்தா" என்று தொடங்கினால் தப்பு அவர் மனசுக்குப் போய்விடும். 'ஆனா' வரக்கூடாது. நாலு பேர் முன்னால் செய்ததை நாலு பேர் முன்னால் திருத்த வேண்டும், ஆனால் அவருக்கு அது சம்மதமா என்று முதலில் கேட்டுவிட்டு. மன்னித்தேன் என்று சொல்லச்சொல்லி நிற்கக்கூடாது. கடைசியாக, நீங்கள் கிளப்பிய பட்டப்பெயரை அடுத்தவர் சொல்லும்போது "அப்படிக் கூப்பிடாதே" என்று நீங்களே தடுக்க வேண்டும். பெரும்பாலும் ஆட்கள் கழன்றுகொள்வது இந்த இடத்தில்தான்.

"நீங்க ரொம்ப யோக்கியமா?" இல்லை. முந்தாநாள் அந்த அதிகாரியின் படத்துக்குக் கீழே, அவருடைய பல்லைப் பற்றி நான் ஒரு வரி எழுதினேன். பல நூறு பேர் விரும்பியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் திறந்து எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையைப் பார்ப்பது என்றால் இதுதான் என்று உறைக்க எனக்கு ஒரு பகல் ஆயிற்று. நேற்று அழித்துவிட்டேன். அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டார்கள், சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியது நான்தான்.

இன்னொன்று. நியாயம் கேட்கிறோம் என்று அந்த வீடியோவைப் பகிர்ந்த எல்லாருமாகச் சேர்ந்து, அரங்கில் சிரித்தவர்கள் மட்டும் பார்த்ததை ஊர் முழுக்கப் பார்க்க வைத்திருக்கிறோம். அந்த இளைஞரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது, தாளை மடிக்கும் கை உட்பட.

வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். பகிர்ந்தவர்கள் எடுத்துவிடுங்கள், அனுப்பிய ஆட்களிடமும் சொல்லுங்கள். கமெண்ட் பெட்டியை மூடவில்லை, என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டலாம். அவருடைய பெயரையோ வேலை பார்க்கும் இடத்தையோ எழுதினால் மட்டும் நீக்கிவிடுவேன். அதிகாரியின் பல்லைப் பற்றி எழுதினாலும்.