கீமோ ஓடுற வீட்டுல காய்ச்சல்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் யார் வீட்டுலயாச்சும் மார்புல புற்றுநோய் கட்டின்னு கீமோ ஏத்திட்டு இருந்தா இதை முழுசா படிங்க.

எங்கம்மாவுக்கு ரெண்டாவது கீமோ போட்டு பத்தாம் நாள் ராத்திரி போர்வைய இழுத்து மூடிட்டு படுத்திருந்தாங்க, என்னம்மான்னு கேட்டா "ஒன்னுமில்லடி, வாடைக்காத்து, குளிருது"ன்னாங்க. கழுத்துல கைய வச்சா கொதிக்குது. தெர்மாமீட்டர்ல 101. பக்கத்துல ஒரு கிளினிக்குக்கு தூக்கிட்டு ஓடுனோம், கீமோ போட்டுட்டு இருக்காங்கன்னு ரெண்டு தடவ சொன்னோம், பாராசிட்டமால் குடுத்து காலைல பாப்போம்னு அனுப்பிட்டாங்க. காய்ச்சலும் இறங்கிருச்சு, நாங்களும் தூங்கிட்டோம். விடிஞ்சு பாத்தா அம்மாவால எந்திரிக்கவே முடியல, பேச்சு குழறுது.

மதுரைல ரத்தம் எடுத்து பாத்தா வெள்ளையணு 1100, அதுல கிருமியோட சண்ட போடுற நியூட்ரோஃபில்ங்கற வகை 30 சதவீதம். டாக்டரம்மா ரிப்போர்ட் ஓரத்துலயே பேனாவால போட்டுக் காட்டுனாங்க, 1100ல 30 சதவீதம்னா 330. அது 1500க்கு மேல இருக்கணுமாம், 500க்கு கீழ போயிட்டா ரொம்ப ஆபத்து, நம்ம வாய்லயும் குடல்லயும் சும்மா கெடக்குற கிருமியே ரத்தத்துல ஏறிரும். கீமோ மருந்து புற்றுநோய் செல்ல மட்டும் அடிக்காது, எலும்பு மஜ்ஜைல அணு ஊறுற இடத்தையும் சேத்து அடிக்குது, அதனால 7வது நாள்ல இருந்து 14வது நாளுக்குள்ள கவுண்ட் தரைக்கு வந்துரும். அப்ப புண்ணு வந்தாலும் சரியா சீழ் கூட வைக்காது, ஏன்னா சீழே அந்த அணுதான். பல நேரம் காய்ச்சல் ஒன்னுதான் அடையாளம், அதையும் பாராசிட்டமால் மறைச்சுரும்.

100.4 தொட்டா ராத்திரி ரெண்டு மணின்னாலும் கெளம்பணும். ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்புல ஆன்டிபயாடிக் ஏறணும்னு சொல்றாங்க. நமக்கு மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல, எப்படி ஏறும்? அதான் என் ஆதங்கம், முதல் ஊசிய ராமநாதபுரத்துலயோ அதுக்கு முன்னாடியோ போட்டுட்டு அப்புறம் மதுரைக்கு அனுப்பணும், கீமோ போடுற ஆஸ்பத்திரியும் "காய்ச்சல் வந்தா உடனே இதைச் செய்யவும்"னு தமிழ்ல ஒரு சீட்டு எழுதி கைல குடுத்து விடணும். இதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம்.

சொந்தக்காரங்க மாதுளம்பழமும் பீட்ரூட்டுமா வாங்கிட்டு வந்து குவிச்சாங்க, பாசம்தான், ஆனா வெள்ளையணு அதுல ஏறாது. எங்கம்மாவுக்கு ஏத்துனது ஃபில்கிராஸ்டிம் ஊசி. அத சில்லுன்னு வச்சிருக்கணும், உறையவும் கூடாது, அப்பா மீன் ஐஸ் போடுற தெர்மாகோல் பெட்டிய கழுவி காயவச்சு ஐஸுக்கும் ஊசிக்கும் நடுவுல துண்டு மடிச்சு வச்சு மதுரைல இருந்து மடிலயே வச்சு கொண்டு வந்தாரு. போட்ட அன்னைக்கு இடுப்பெலும்பு வலி தாங்கல, மஜ்ஜை வேல செய்யுறதுனால வர்ற வலின்னு சொன்னதுக்கப்புறம்தான் அம்மா அழுகைய நிறுத்துனாங்க.

இப்ப ட்ரீட்மெண்ட் முடிஞ்சு எட்டு மாசம், மொத்த வெள்ளையணு 3400, இன்னும் கொஞ்சம் கம்மிதான். சில பேருக்கு மெதுவாத்தான் ஏறுமாம். அம்மா பாசி எடுக்க கடலுக்கு போறேன்னு நிக்கிறாங்க, வெரல்ல துணி சுத்திட்டுத்தான் எறங்குவாங்கன்னாலும் பாறை கிழிக்காம விடாது, அதனால டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் விடல.

எங்க வீட்டுல ரெண்டு தெர்மாமீட்டர் இருக்கு. கீமோ ஓடுற வீட்டுல இல்லன்னா வந்து ஒன்ன எடுத்துட்டுப் போங்க.