ஆடிட்டர் தம்பிக்குக் கிடைத்த ஆறு நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை நம் வணிகர் சங்க ஆண்டு விழாவில் நடந்ததைப் பற்றி வாட்ஸப் குரூப்பில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் அங்கே ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் ஒரு கும்பிடு ஸ்டிக்கரைப் போட்டு, "அக்கா, பொதுக்குழுவுல பேசிக்கலாம்" என்று முடித்துவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

விழாவுக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். பத்து மணி என்று அழைப்பிதழில் போட்ட விழா, சிறப்புப் பேச்சாளரின் கார் வந்து சேராததால் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு. அப்புறம் அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆடிட்டர் தம்பி கையில் மைக் வந்தபோது கீழே டைனிங் ஹாலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அழைப்பிதழில் அவருக்கு 45 நிமிடம், 'ஜிஎஸ்டி: கேள்வியும் பதிலும்' என்று அச்சடித்திருந்தது. கிடைத்தது ஆறு நிமிடம். நான் கைபேசியில் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது நிமிடம் நிர்வாகி ஒருவர் பின்னால் வந்து அவர் தோளைத் தொட்டார். அந்தப் பிள்ளை பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. நன்றி சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முன் வரிசையில் தெற்குத் தெரு பாத்திரக்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து, மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். கேள்வி நேரத்துக்காகக் கொண்டுவந்த தாள். தம்பி உட்கார்ந்ததும் அதே மடிப்பில் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து, "ரெண்டு பேர் கேள்வியாவது கேக்கட்டுமே" என்றேன். "உக்காருங்கக்கா, மரியாதை முடியட்டும்" என்றார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் காசில் போடுகிற மேடையில் நமக்கு வேண்டியதைப் பேசுங்கள்.

வந்த பேச்சாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பேசுவது தொழில், கூப்பிட்டார்கள், வந்தார், பேசினார். ஆனால் அவர் பேசியதை என்னால் மறக்க முடியவில்லை. "நீங்க மாறல. அதனாலதான் கஸ்டமர் உங்களை விட்டுட்டு ஆப்புக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போறான்" என்றார். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கை தட்டச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "நான் ஜெயிப்பேன்" என்று சொல்லச் சொன்னார். முட்டி வலியோடு அண்ணாச்சியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

மாறவில்லை என்று யாரைப் பார்த்துச் சொல்கிறார்? 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்றார்கள். மறுநாள் காலையில் பால் வாங்க வந்தவருக்குக் கடனுக்குக் கொடுத்து நோட்டில் எழுதி வைத்தது யார்? 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன்பிருந்த வாட் வரிக் கணக்கு மட்டும் தெரிந்தவர்கள் ஐம்பது வயதுக்கு மேல் ஓடிபி பார்க்கவும் போர்ட்டலில் ஏறவும் பழகினார்கள். 2019 ஜனவரி 1-இல் பிளாஸ்டிக் தடை. 2020 ஊரடங்கில் வட்டம் போட்டு, கயிறு கட்டி, முகக்கவசத்தோடு பொட்டலம் போட்டோம். 2022 ஜூலையில் பாக்கெட் அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் என்றதும் மில்காரர்கள் 26 கிலோ மூட்டை கட்டினார்கள். "என்னம்மா ஒரு கிலோ கூட இருக்கு" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொன்னோம். இப்போது பெட்டிக்கடையில்கூட காசு விழுந்ததும் சவுண்ட் பாக்ஸ் பேசுகிறது. ஒன்பது வருடத்தில் இத்தனை தடவை மாறியிருக்கிறோம். எங்களைப் பார்த்து மாறவில்லை என்று ஒருவர் சொல்கிறார், அதற்கு நாங்களே எழுந்து நின்று கை தட்டுகிறோம், அதற்கான செலவும் எங்கள் சந்தாதான்.

கடைசியாக வந்த மாற்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22-இலிருந்து சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18-இலிருந்து 5 சதவீதம். மக்களுக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் என்னைப் போல காம்போசிஷனில், அதாவது சின்னக் கடைகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையில், இருப்பவர்களுக்கு இன்புட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. விற்பனையில் 1 சதவீதம் கையிலிருந்து கட்டுவோம், வாங்கும்போது கொடுத்த வரி விலையோடு போய்விடும். 18 சதவீதம் சேர்ந்த விலைக்கு வாங்கி அடுக்கியதை, டிவி பார்த்துவிட்டு வருகிற கஸ்டமருக்குக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வித்தியாசம் யார் தலையில்? ஒரு கம்பெனி சேல்ஸ்மேன் ஸ்டாக்கை போட்டோ எடுத்துக்கொண்டு போனார், அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள கிரெடிட் நோட் வந்தது. இன்னொரு கம்பெனியிலிருந்து இன்று வரைக்கும் பதில் இல்லை. யாரிடம் கேட்பது, எழுதிக் கேட்பதா, எந்தக் கணக்கைக் காட்டுவது? விழாவுக்கு நான் போனதே இதைக் கேட்கத்தான்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கடை வாடகை மாதம் 9,000. கட்டட ஓனருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. 2024 அக்டோபர் 10-இலிருந்து, பதிவு இல்லாத ஓனரிடம் கடை வாடகைக்கு இருந்தால் 18 சதவீத வரியைக் குடியிருக்கிற நாமே கட்ட வேண்டும் என்று வந்தது. மாதம் 1,620. காம்போசிஷனில் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கணக்கு எழுதுகிற இடத்தில் சொன்னபடி ஜனவரி முதல் வாரத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டேன். அதற்கு முன்பே, டிசம்பர் 21-ஆம் தேதி ஜெய்சல்மேரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், காம்போசிஷன்காரர்களுக்கு இந்த வரி வேண்டாம் என்று முடிவு எடுத்திருக்கிறார்கள். ஜனவரி 16-இலிருந்து விலக்கு அமலுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்துக்குக் கட்டாதவர்கள் கட்ட வேண்டாம், கட்டியவர்களுக்குத் திரும்பக் கிடையாது. பத்து நாள் பொறுத்திருந்தால் அந்தக் காசு என் கையில் இருந்திருக்கும். அதே மாதம் நம் சங்கத்தில் பொங்கல் விழா நடந்தது. சிறப்பு விருந்தினராகச் சின்னத்திரை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நானும் சிரித்தேன். வாடகை வரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதே சங்கத்தில் நல்ல கூட்டம் நடந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2018 டிசம்பரில், பிளாஸ்டிக் தடை வருவதற்கு முன், சங்கக் கட்டட மொட்டை மாடியில், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு கூட்டம் நடந்தது. பொன்னாடை இல்லை, பேனர் இல்லை. ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் இரண்டு கட்டைப்பை நிறையச் சாமான் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தண்ணி பாக்கெட் கூடாது. இந்த ஸ்ட்ரா கூடாது. தெர்மாகோல் தட்டு கூடாது. பேப்பர் கப்புதான்னு நினைப்பீங்க, உள்ள பூச்சு இருக்கு, இதுவும் கூடாது." பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட் இருக்கலாம் என்று தனியாக எடுத்து வைத்தார். அப்புறம் அப்போது எல்லாக் கடையிலும் தொங்கிய துணி மாதிரியான கலர்ப் பை ஒன்றை எடுத்தார். நாங்கள் எல்லோரும் அது துணி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். தீப்பெட்டி கொண்டுவரச் சொல்லி ஒரு மூலையில் பற்ற வைத்தார். சாம்பலாகாமல் உருகிச் சொட்டியது. "துணி இப்படி உருகுமா?" என்று கேட்டார். நான் அந்தப் பையில் ஆயிரம் ஆர்டர் கொடுத்திருந்தேன். அன்று ராத்திரியே போன் போட்டு நிறுத்தினேன். அந்த மனிதருக்கு நாங்கள் கொடுத்தது ஒரு டீயும் இரண்டு வடையும்.

அந்த மாதிரிக் கூட்டம் வேண்டும் என்று கேட்பது தப்பா?

"ஸ்டார் பேச்சாளர் வந்தால்தான் கூட்டம் வரும்" என்கிறார்கள். சரி, கூட்டம் வந்தது. வந்த கூட்டம் எதைக் கொண்டுபோனது? பிரியாணி முடிந்ததும் மண்டபம் காலி. எண்ணிக்கைக்காகத்தான் என்றால் பிரியாணி போதும், பேச்சாளரே வேண்டாம்.

"குடும்பத்தோடு வருகிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், ஜிஎஸ்டி பேசினால் யார் உட்காருவார்கள்" என்பது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். விழா வையுங்கள். பாட்டுக் கச்சேரி வையுங்கள். கேள்வி நேரத்தை அதற்கு முன்னால் வையுங்கள், அவ்வளவுதான்.

"எல்லாம் யூடியூபில் இருக்கிறது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, நானும் பார்க்கிறேன். அந்த வீடியோ எந்த வருடம் போட்டது? ரெகுலர் டீலருக்குச் சொல்கிறாரா, காம்போசிஷனுக்கா? சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரிடம் திருப்பிக் கேட்பேன்? அண்ணாச்சிக்கு எழுத்தே மங்கலாகத் தெரிகிறது. அவர் எந்த வீடியோவைப் பார்ப்பார்? தெரிந்தவர் எதிரே உட்கார்ந்து, நம் தாளை வாங்கிப் பார்த்து, "இது ஒண்ணும் இல்ல" என்றோ "உடனே இதைப் பண்ணுங்க" என்றோ சொல்வது வேறு. அதற்குத்தான் சங்கம்.

"மே 5 வணிகர் தின மாநாட்டுக்கும்தான் பெரிய ஆட்கள் வருகிறார்கள்" என்று இன்னொருவர். வரட்டும், வர வேண்டும். அங்கே வருகிறவர்கள் நம் கோரிக்கையைக் கேட்க வருகிறார்கள். 2025-இல் மதுராந்தகம் மாநாட்டுக்கு முதலமைச்சர் வந்தார், வணிகர் நல வாரிய உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கொடுக்கும் நிதியை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவதாகச் சொன்னார். விருந்தினர் என்றால் அப்படி. இங்கே ஞாயிற்றுக்கிழமை வந்தவர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாமும் அவரிடம் ஒன்றும் கேட்க முடியாது.

அந்த வாரியத்தைப் பற்றிச் சொன்னதும் மனசு கனக்கிறது. 1989-இலிருந்து இருக்கிற வாரியம் அது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணன் போன வருடம் மாரடைப்பில் போனார். சங்கம் சார்பில் மாலை போட்டோம், ஒரு நாள் கடையடைப்பு, பத்தாயிரம் கொடுத்தோம். வாரியத்தில் அவர் பதிவு செய்திருக்கவில்லை. மதினி என்னிடம் கேட்டார்கள், "அப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க யாரும் சொல்லவே இல்லையே" என்று. நான் என்ன பதில் சொல்வேன்? இருபது வருடமாக உறுப்பினராக இருந்தவர், ஒரு விழாவுக்கும் வராமல் இருந்ததில்லை. வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போவார். அத்தனை விழாவில் ஒரு விழாவில் அந்தப் படிவத்தைக் கையில் கொடுத்திருந்தால் போதும்.

சங்கத்துக்காக இரவு பகல் பார்க்காமல் உழைக்கிறவர்களைக் குறை சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள். என் அப்பா இறந்தபோது தூக்கியவர்கள் அவர்கள். ஊரடங்கில் மூன்று நாள் அலைந்து எனக்கு வண்டிக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அதை நான் மறந்தால் எனக்குச் சோறு செரிக்காது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன். விழாவுக்காகக் கடைக்கு 500 தனியாக வாங்கினீர்களே, அதில் பேச்சாளருக்கு எவ்வளவு, ஆடிட்டர் தம்பிக்கு எவ்வளவு என்று நேரில் கேட்டதற்கு, "பொம்பளைங்க கணக்கு கேக்க ஆரம்பிச்சாச்சு" என்று ஒருவர் குரூப்பில் போட்டார். எட்டுப் பேர் அதற்குச் சிரிப்பு போட்டிருக்கிறார்கள். எட்டுப் பேரும் என் கடையில் வந்து டீ குடித்தவர்கள். அப்பா போனதிலிருந்து பத்தொன்பது வருடமாக, காலை ஐந்தரைக்கு ஷட்டரைத் தூக்குகிறேன். கணக்குக் கேட்காமல் எப்படிக் கடை நடத்தியிருப்பேன்?

அடுத்த பொதுக்குழுவில் இதை எழுதியே கொடுக்கப் போகிறேன். எந்தக் கூட்டமாக இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். தராசு முத்திரைக்கு ஒரு மாதம், உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஒரு மாதம், வாரியப் படிவத்துக்கு ஒரு மாதம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கடைக்கு வாருங்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். வெல்லம் அரைக் கிலோ கேட்டுவிட்டு, நின்றுகொண்டே இருந்தார். "அண்ணாச்சி, அந்தத் தாளைக் காட்டுங்க" என்றேன். போர்ட்டலில் வந்த நோட்டீஸைப் பேரன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை, 15 நாள் கெடு. அதில் பத்து நாள் போய்விட்டது. ஆடிட்டர் தம்பிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரி கட்டுகிறாரா என்று கேட்டார். ஒன்று விடாமல் கட்டுகிறேன் என்றார் அண்ணாச்சி. "அப்ப வருஷ ரிட்டர்ன் மட்டும்தான் விட்டிருக்கீங்க. ஜூன் 30-க்குள்ள போட்டிருக்கணும். லேட் ஃபீ ரெண்டாயிரத்துக்கு மேல போகாது. நாளைக்குக் காலைல வாங்க, போட்டுடலாம்."

"கடைய சீல் வச்சிர மாட்டாங்கள்ல?" என்று கேட்டார் அண்ணாச்சி.

மாட்டார்கள் என்று தம்பி இரண்டு தடவை சொன்னார். அண்ணாச்சி கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பத்து நாளாகச் சரியாகத் தூக்கமே இல்லை தாயி என்றார்.