அந்த அஞ்சு பேரைப் பாருங்க மாப்ள!

(2025 ஆகஸ்ட், நியூ ஜெர்சி. விடிஞ்சா மாப்பிள்ளை கார்த்தியின் ஆபீஸ் ஃபேண்டஸி லீக் டிராஃப்ட்: அமெரிக்க ஃபுட்பாலின் நிஜ ஆட்டக்காரர்களை ஆளாளுக்குத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வெச்சுப் புள்ளி சேர்க்கும் போட்டி. மாமனார் சுந்தரம் சோபாவில்.)

கார்த்தி: முதல் ஆளா சேக்வான் பார்க்லியைத் தூக்கப்போறேன் மாமா. பந்தைத் தூக்கிட்டு ஓடறவரு, போன சீசன்ல 2,005 யார்டு! அதே பிலடெல்பியா ஈகிள்ஸ் டீம், அதே பார்க்லி. வேறென்ன வேணும்?

சுந்தரம்: 2023-ல ஜயன்ட்ஸ் டீம்ல இருந்தப்ப அவர் ஓடுனது 962 மாப்ள. ஒரு ஓட்டத்துக்கு 3.9 யார்டு. ஈகிள்ஸ் வந்ததும் 5.8. கால் என்ன புதுசா முளைச்சுதா?

கார்த்தி: பிலடெல்பியா தண்ணி ஒத்துக்கிச்சு போல.

சுந்தரம்: தண்ணி இல்லீங்க, முன்னாடி நின்னு எதிராளியை மறிச்சு வழி பண்ணிக் குடுக்கிற அஞ்சு பேரு, அதான் லைன். நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு. ஜயன்ட்ஸ் அந்த வருஷம் பந்து வீசற குவார்ட்டர்பேக்கை 85 தடவை சாக் வாங்க விட்ட டீம், அதாவது வீசறதுக்கு முன்னாடியே எதிராளி அமுக்கிட்டான். அவங்க பின்னாடி ஓடி எங்க போறது? புதுசா யாரு வந்தான்னு எல்லாரும் பார்ப்பான். யாரு போனாங்க, அந்த எடத்துல இப்ப யாருன்னு பாருங்க.

கார்த்தி: ஈகிள்ஸ் சென்டர் ஜேசன் கெல்சி 13 சீசன் ஆடிட்டு ரிட்டையர் ஆனாரே? அதுக்கு அடுத்துதானே 2,005?

சுந்தரம்: (நிமிர்ந்து) பரவால்லயே! ஆனா கேம் ஜர்கன்ஸை 2022-லயே எடுத்து கெல்சி பக்கத்துல வெச்சுத் தயார் பண்ணிட்டாங்க. கார்டா ஆடிட்டிருந்தவரு சென்டருக்கு நகர்ந்தாரு. காலியான ரைட் கார்டு எடத்துக்கு மெக்காய் பெக்டன், 360 பவுண்டுக்கு மேல.

கார்த்தி: நம்ம ஃபிரிட்ஜே அவ்வளவு வராதே!

சுந்தரம்: அந்த ஃபிரிட்ஜ் இப்ப சார்ஜர்ஸ் டீம் வீட்டுல இருக்கு. இங்க அவர் எடத்துல டைலர் ஸ்டீன்.

கார்த்தி: ஒரு ஆள் மாறினா என்னாயிடும்?

சுந்தரம்: சென்டரும் கார்டும் சேர்ந்து எதிர் டீம்ல முன்வரிசையில நிக்கிற டேக்கிளை நெட்டணும். நெட்டிட்டே இருக்கும்போது ஒருத்தர் கழண்டுபோய், டேக்கிளுக்குப் பின்னாடி நிக்கிற லைன்பேக்கரை மறிக்கணும். சீக்கிரம் கழண்டா டேக்கிள் உள்ள பூந்துடுவான். லேட்டானா லைன்பேக்கர் வழியை அடைச்சிடுவான். எப்ப கழலணும்னு வாயால சொல்ல நேரம் கிடையாது, பக்கத்து ஆளோட தோள் அசையறதை வெச்சே தெரியணும். அது சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். அதுல ஜர்கன்ஸுக்கு முதுகுல ஆபரேஷன் வேற.

கார்த்தி: கோச்சுங்க?

சுந்தரம்: லைன் கோச் ஸ்டவுட்லேண்ட் இருக்காரு, அது தெம்பு. ஒவ்வொரு தடவையும் எந்த பிளே ஆடணும்னு சொல்லிட்டிருந்த கெல்லன் மூர் செயின்ட்ஸ் டீமுக்கு ஹெட் கோச்சாப் போயிட்டாரு. உள்ளேயே இருந்த கெவின் பட்டுல்லோவுக்கு அந்த வேலை. பிளே பேரெல்லாம் அதேதான் இருக்கும், எந்த நேரத்துல எதை ஆடச் சொல்லுவாருங்கறதுதான் பாக்கி. எல்லாத்துக்கும் மேல, பிளேஆஃபையும் சேர்த்தா பார்க்லி போன வருஷம் 436 தடவை ஓடியிருக்காரு. வயசு 28. முட்டி என்ன வாடகைக்கு வாங்கினதா?

கார்த்தி: அப்ப வேண்டாம்கறீங்களா?

சுந்தரம்: எடுங்க. 290 ஓட்டம், ஓட்டத்துக்கு நாலரை யார்டு. 1,305-னு எழுதிக்கிட்டு எடுங்க. அதுக்குமேல வந்தா லாபம்.

கார்த்தி: இவ்வளவு கணக்குப் போடறீங்களே, எந்த லீக்ல மாமா ஜெயிச்சீங்க?

சுந்தரம்: நான் ஏன் ஆடறேன்? சீட்டுக் கம்பெனிக்கு முப்பது வருஷம் ஆடிட் பண்ணவன் மாப்ள.